நடை என்னும் மருந்தும் அதன் அளவும்

நீரிழிவு நோய்க்கு மருந்து மூன்று என்பர் மருத்துவர். உணவுக் கட்டுப்பாடு ஒன்று, மாத்திரையோ இன்சுலினோ மற்றொன்று, உடற்பயிற்சி மூன்றாவது. முதலிரண்டையும் நாம் அளந்தே கொள்கிறோம். மாத்திரை இத்தனை மில்லிகிராம், இன்சுலின் இத்தனை யூனிட், சோறு இத்தனை அகப்பை என்று கணக்கு வைக்கிறோம். மூன்றாவதற்கு மட்டும் நம் இல்லங்களில் அளவு கேட்பாரில்லை. "நன்றாக நடங்கள்" என்ற ஒரு சொல்லோடு அது முடிந்துவிடுகிறது. எப்போது நடப்பது, எவ்வளவு நடப்பது, எப்போது நடக்கலாகாது, எங்கே நிறுத்துவது என்னும் வினாக்கள் எழுவதே இல்லை. நடை இந்நோய்க்கு நன்மை செய்யும் என்பதை உலகம் அறிந்து ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அதனை மருந்தைப் போல் அளந்து கொள்ள வேண்டும் என்பதை அறிந்ததோ நேற்றுத்தான். அந்த நெடிய வரலாற்றைச் சற்று நோக்குவோம்.

பண்டை இந்தியாவின் மருத்துவப் பெருநூலாகிய சுசுருத சங்கிதையில் இதன் தொடக்கத்தைக் காண்கிறோம். சிறுநீர் இனிக்கும் இந்நோயாளரை அந்நூல் இரு வகையாகப் பிரித்தது. பிறவியிலேயே நோயுற்று மெலிந்தவர் ஒரு வகை. மிகையுணவாலும் சோம்பலாலும் நோயுற்றுப் பருத்தவர் மற்றொரு வகை. பருத்தவருக்கு மற்போரும் குதிரையேற்றமும் நீண்ட நடையும் விதிக்கப்பட்டன. பொருளற்ற ஏழைக்கோ தனியான ஒரு மருந்து. அவன் செருப்பும் குடையும் இன்றி, இரந்துண்டு, ஓர் ஊரில் ஓரிரவுக்கு மேல் தங்காமல், துறவியைப் போல் நூறு யோசனைத் தொலைவோ அதற்கு மேலோ நடக்க வேண்டும். கிணறு வெட்டுவதும் ஒரு வழியாகக் கூறப்பட்டது. இவற்றையெல்லாம் கூறிய அந்நூல், மெலிந்தவரை மட்டும் எப்போதும் பேணிக் காக்குமாறு எச்சரித்தது.

இந்தச் சில வரிகளுக்குள் இரண்டு உண்மைகளும் ஒரு பிழையும் அடங்கியிருப்பதைக் காண்க. உழைப்பு இந்நோய்க்கு மருந்து என்பது முதல் உண்மை. எல்லா நோயாளருக்கும் அம்மருந்து ஒன்றாகாது என்பது இரண்டாம் உண்மை. இன்று முதல் வகை, இரண்டாம் வகை என்று மருத்துவர் பிரிக்கும் பிரிவினை ஏறத்தாழ இதுவே. செருப்பின்றி நடக்கச் சொன்னது பிழை. நாட்பட்ட நீரிழிவு பாதத்தின் உணர்ச்சியைக் கொல்லும். குத்திய முள்ளை நோயாளி அறியான். சிறு புண் பெரும் புண்ணாகிக் காலையே கவர்ந்துவிடும். அக்காலத்து அறிவின் எல்லை அது. ஆனால் அந்தப் பிழை இன்றும் நம் தெருக்களில் வெறுங்காலோடு நடந்து கொண்டிருக்கிறது என்பதே நாம் கவலையுற வேண்டிய செய்தி.

அடுத்து அரபு மருத்துவ உலகிற்கு வருவோம். மருத்துவ மேதை இப்னு ஸீனா (980–1037) தமது 'அல்கானூன் ஃபித்திப்' என்னும் பெருநூலின் முதற்பகுதியில், உடல்நலம் பேணும் வழிகளைக் கூறுமிடத்து, உடற்பயிற்சிக்குச் சிறப்பான இடம் அளித்தார். மூச்சு விரைந்தும் ஆழ்ந்தும் வருமாறு, விரும்பிச் செய்யும் இயக்கமே பயிற்சி என்று வரையறுத்தார். மல்யுத்தம், விரைநடை, அம்பெய்தல் எனக் கடினமானவற்றையும், ஊஞ்சல், படகுச் சவாரி என மெலியோர்க்குரியவற்றையும் தரம் பிரித்தார். நிறம் பொலிந்து அசைவு இலகுவாய் இருக்கும்வரை தொடரலாம், அவை குன்றத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும் என்று எல்லையும் வகுத்தார். பயிற்சிக்கும் ஓர் அளவு உண்டு என்னும் கருத்தை இவ்வளவு விரிவாக எடுத்துரைத்த பழைய நூல்கள் சிலவே. அதே நூலின் மற்றொரு பகுதியில் சிறுநீரக நோய்களோடு நீரிழிவும் பேசப்படுகிறது. அவருக்குப் பின் வந்த அப்துல் லத்தீப் அல்பாக்தாதி (1162–1231) இந்நோய்க்கெனவே தனி ஏடு ஒன்று எழுதினார். எனினும் பயிற்சியின் அளவையும் நீரிழிவின் தன்மையையும் ஒன்றாக இணைத்துக் காண்பதற்கு, இரத்தத்திலுள்ள சர்க்கரையை அளக்கும் வித்தை வேண்டியிருந்தது. அதற்கு உலகம் இன்னும் பல நூற்றாண்டுகள் காத்திருந்தது.

1776இல் ஆங்கில மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரில் இனிப்பது சர்க்கரையே என்றும், இரத்தமும் இனிக்கிறது என்றும் நிறுவினார். அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் மருத்துவப் பேராசிரியர் அப்போலினேர் புஷார்தா (1806–1886), உணவைக் குறைத்ததோடு உடலுழைப்பையும் சிகிச்சையாக்கினார். உழைக்கும் நோயாளி, உழையாதவனைவிட மாவுப்பொருளைத் தாங்குகிறான் என்பதை அவர் கண்டார். 1870–71இல் பிரஷ்யப் படை பாரிஸை முற்றுகையிட்டபோது நகரில் உணவு அருகிற்று. அப்போது தம் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைந்ததையும் அவர் குறித்து வைத்தார்.

உழைப்பால் சர்க்கரை எங்கே போகிறது? இவ்வினாவுக்கு விடை தந்தது ஒரு குதிரை. 1887இல் பிரெஞ்சு அறிஞர்கள் ஷோவோவும் காஃப்மனும், குதிரை தீவனம் மெல்லும்போது அதன் முகத் தசைக்குள் செல்லும் இரத்தத்தையும் வெளிவரும் இரத்தத்தையும் சோதித்தனர். ஓய்ந்திருக்கும் தசையைவிட இயங்கும் தசை பன்மடங்கு சர்க்கரையை உண்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது.

எனினும் பயிற்சி ஓர் இருபுறக் கூருள்ள வாள் என்பதை உலகம் உணர்ந்தது இன்சுலின் வந்த பிறகே. 1921இல் கனடாவின் டொரண்டோ நகரில் பான்டிங்கும் பெஸ்டும் அதனைப் பிரித்தெடுத்தனர்; 1922 ஜனவரியில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அக்காலத்தில் ஸ்காட்லாந்து மருத்துவர் ராபின் லாரன்ஸ் என்பார் தாமே நீரிழிவுக்கு ஆளாகி, பிறர் கண்முன் மாள விரும்பாமல், இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மரணத்தை எதிர்நோக்கி வாழ்ந்திருந்தார். 1923இல் இன்சுலின் கிடைத்துவிட்டது என்ற செய்தி அவரை எட்டியது. உடனே லண்டன் திரும்பி உயிர் பிழைத்தார். 1968 வரை வாழ்ந்து, தம்மைப் போன்ற எண்ணற்ற நோயாளருக்கு வழிகாட்டினார்.

அந்த லாரன்ஸ் 1926இல் வெளியிட்ட ஆய்வு நம் கட்டுரையின் மையம் எனலாம். இன்சுலின் செலுத்திக்கொண்டு ஓய்ந்திருப்பவரைவிட, செலுத்திக்கொண்டு உழைப்பவருக்குச் சர்க்கரை மிக வேகமாகவும் மிக ஆழமாகவும் இறங்குகிறது என்பதை அவர் அளந்து காட்டினார். உழைக்கும் நாளில் இன்சுலினைக் குறைக்க வேண்டும், அல்லது உணவைக் கூட்ட வேண்டும் என்ற விதி அதிலிருந்து பிறந்தது. மறுபுறம், இன்சுலினே இல்லாமல் வாடும் உடலில் கடும் உழைப்பு சர்க்கரையை ஏற்றிவிடவும் கூடும் என்பதும் தெளிவாயிற்று. மெலிந்தவரைக் காக்க வேண்டும் என்ற பழைய எச்சரிக்கையின் காரணம் இப்போது விளங்கிற்று. அமெரிக்க மருத்துவர் எலியட் ஜோஸ்லின் உணவு, இன்சுலின், உடற்பயிற்சி மூன்றையும் ஒரே தேரை இழுக்கும் மூன்று குதிரைகளுக்கு ஒப்பிட்டார். ஒரு குதிரை மட்டும் தறிகெட்டு ஓடினால் தேர் கவிழும் அன்றோ?

பின்னர் வந்த ஆய்வுகள் இதனை மேலும் விளக்கின. காலில் இன்சுலின் ஊசியிட்டுக்கொண்டு காலுக்கே பயிற்சி தந்தால், மருந்து விரைந்து இரத்தத்தில் கலக்கிறது என்பது 1978இல் அறியப்பட்டது. தசை சுருங்கும்போது, இன்சுலினின் துணையின்றியே சர்க்கரைக்கு வாயில் திறந்துவிடும் புரதம் ஒன்று 1980களின் இறுதியில் கண்டறியப்பட்டது. சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல், நோயின் விளிம்பில் நின்ற 577 பேரை ஆறாண்டுகள் கவனித்தனர். வாளாவிருந்தோருள் நூற்றுக்கு 68 பேர் நோயாளராயினர். உடற்பயிற்சி செய்தோருள் அது 41 ஆகக் குறைந்தது. சென்னையில் மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழுவினர் இத்தகைய 531 பேரிடம் நடத்திய ஆய்வும் 2006இல் வெளிவந்தது. மூன்றாண்டுகளில் நோயுற்றோர், வாளாவிருந்தோருள் நூற்றுக்கு 55. உணவையும் உழைப்பையும் திருத்திக்கொண்டோருள் 39. நம் மண்ணின் உடலுக்கும் இம்மருந்து பலிக்கிறது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இந்த வரலாறு நமக்குத் தரும் விதிகள் யாவை?

வாரத்திற்கு 150 நிமிடங்கள் விரைந்த நடை போதுமானது. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்னும் வேகமே அளவு. அடுத்தடுத்து இரு நாட்களுக்கு மேல் விட்டுவிடலாகாது. நேற்றைய நடையின் பயன் நாளை மறுநாளுக்கு எஞ்சுவதில்லை. இன்சுலினோ, கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளோ கொள்வோர், புறப்படுமுன் சர்க்கரையைச் சோதித்துக் கொள்வது நலம். 90க்குக் கீழிருந்தால் சிறிது உண்டு புறப்பட வேண்டும். 250க்கு மேலிருந்து, உடல்சோர்வோ வாந்தியோ சேர்ந்திருந்தால் அன்று நடையே வேண்டா. மருத்துவரை நாட வேண்டும். சட்டைப்பையில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். நடுக்கம், வியர்வை, மயக்கம் தோன்றினால் உடனே நின்று, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை உண்டு, கால்மணி நேரம் பொறுத்து மீண்டும் சோதிக்க வேண்டும். மாலையில் கடுமையாக உழைத்தவருக்கு நள்ளிரவிலும் சர்க்கரை தாழலாம் என்பதை வீட்டார் அறிந்திருத்தல் அவசியம். பாதம் மூடிய காலணியும் பருத்திக் காலுறையும் வேண்டும். திரும்பியதும் பாதங்களைப் பார்வையிட வேண்டும். விழித்திரையில் இரத்தக் கசிவு உள்ளோர் பாரம் தூக்கலாகாது; குதிக்கலாகாது. நெஞ்சில் இறுக்கம் கண்டால் அந்த அடியோடு நிறுத்திவிட வேண்டும். பல்லாண்டு நோயுற்றோரும், இதுவரை நடந்து பழகாதோரும் மருத்துவரைக் கேட்ட பின்பே தொடங்குதல் வேண்டும்.

ரமலான் மாதத்திற்கு இவ்விதிகள் இன்னும் பொருந்தும். நோன்பு வைக்கலாமா என்பதையும், மருந்தின் அளவையும் மாதம் பிறக்குமுன் மருத்துவரிடம் முடிவு செய்தல் வேண்டும். நோன்பு திறப்பதற்கு முந்திய வேளையில் கடும் நடை ஆபத்தானது. தராவீஹ் தொழுகையின் நிற்றலும் குனிதலும் அன்றைய பயிற்சியின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படும். விரல்நுனியில் குத்தி இரத்தம் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர் பலரும் கூறியுள்ளனர். சர்க்கரை 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும் என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் தந்த வழிகாட்டல். நோயாளிக்கு மார்க்கமே அளித்த சலுகையை மறுத்து உயிரைப் பணயம் வைப்பது தகுமா?

இறுதியாக ஒன்று. இவ்வளவு காலமும் நடை ஆடவரின் மருந்தாகவே இருந்து வந்துள்ளது. பஜ்ருத் தொழுகை முடித்து வாப்பா கடற்கரைக்கோ திடலுக்கோ நடக்கிறார்; அதே நோயுள்ள உம்மாவோ அடுப்படியில் நிற்கிறார். அடுப்படி வேலையே போதுமான பயிற்சி என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். மூச்சு விரையாத இயக்கம், இப்னு ஸீனாவின் வரையறைப்படியே பயிற்சி ஆகாது. மொட்டை மாடியும் முற்றமும் நீண்ட நடைக்கூடமும் நம் வீடுகளில் உண்டு. பத்து நிமிடமாக மூன்று வேளை நடந்தாலும் அது முப்பது நிமிடமே. அந்நேரத்தில் அடுப்பைக் கவனிக்க மற்றொருவர் முன்வர வேண்டும், அவ்வளவே. நடை எனும் மருந்துக்கு விலையில்லை. ஆனால் அதனை உரிய அளவில், உரிய வேளையில் உட்கொள்ளும் பொறுப்பையும், வீட்டில் எல்லோருக்கும் அது கிட்டுமாறு செய்யும் பொறுப்பையும் நாம்தான் ஏற்க வேண்டும்.