ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் சேர்க்கைக் கட்டுப்பாடு

ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் யூத மாணவர் சேர்க்கைக் கட்டுப்பாடு என்பது, 1920களில் அமெரிக்காவின் புகழ்பெற்ற ஆர்வர்டு பல்கலைக்கழகம் யூத மாணவர்களின் எண்ணிக்கையைக் குறைக்க மேற்கொண்ட நடவடிக்கைகளைக் குறிக்கும். இது இடம் அளிப்பதற்கான ஒதுக்கீடு அன்று. இவ்வளவுக்கு மேல் சேர்ப்பதில்லை என்னும் உச்சவரம்பு. வெளிப்படையாகக் கொண்டுவரப்பட்டபோது தோற்ற இத்திட்டம், சில ஆண்டுகளில் வேறு பெயரில் நடைமுறைக்கு வந்தது. கல்வி நிலையங்களில் யூத வெறுப்பு எவ்வாறு இயங்கியது என்பதற்கு இது முக்கியமான சான்றாகும்.

பின்னணி

உருசியப் பேரரசில் நிகழ்ந்த படுகொலைகளுக்கும் வறுமைக்கும் தப்பி, 1881 முதல் 1924 வரை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் அமெரிக்காவில் குடியேறினர். உருசியாவில் 1887 முதலே யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு இருந்தது. அமெரிக்காவில் அத்தகைய சட்டம் இல்லை. ஆர்வர்டில் நுழைவுத் தேர்வில் தேறியவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்தது. எனவே 1900இல் புதுமுக மாணவர்களில் ஏறத்தாழ 7 விழுக்காடாக இருந்த யூதர்கள், 1922இல் 21 விழுக்காட்டைத் தாண்டினர்.

லோவலின் முன்மொழிவு

1909 முதல் 1933 வரை ஆர்வர்டின் தலைவராக இருந்தவர் அ. லாரன்சு லோவல். குடியேற்றத்தைக் கட்டுப்படுத்தக் கோரிய சங்கத்தின் துணைத் தலைவராகவும் இவர் இருந்தார். 1922இல், யூத மாணவர்களை 15 விழுக்காட்டுக்குள் நிறுத்த வேண்டும் என்று இவர் விரும்பினார். யூதர் எண்ணிக்கை கூடினால் அவர்கள்மீதான வெறுப்பும் கூடும். எனவே எண்ணிக்கையைக் குறைப்பது யூதர்களுக்கே நல்லது என்பது இவரது வாதம். யூதர்கள் வரத் தொடங்கிய கோடைவிடுதியை மற்றவர்கள் கைவிட, அது நொடித்துப் போவதை உவமையாகக் காட்டினார். வெறுப்பவர்களைத் திருத்துவதற்கு மாறாக, வெறுக்கப்படுபவர்களை விலக்குவதே இதில் தீர்வாக முன்வைக்கப்பட்டது.

செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. சட்டப் பேராசிரியர் பீலிக்சு பிராங்க்பர்ட்டர், மேற்பார்வை வாரிய உறுப்பினரான நீதிபதி சூலியன் மாக் ஆகியோர் எதிர்த்தவர்களுள் முக்கியமானவர்கள். இதனால் 13 பேர் கொண்ட குழு அமைக்கப்பட்டது. யூதச் சமய மெய்யியல் அறிஞர் ஆரி வுல்ப்சன் உட்பட மூன்று யூதர்கள் அதில் இடம்பெற்றனர்.

விண்ணப்பப் படிவம்

குழு கூடியிருந்த காலத்திலேயே விண்ணப்பப் படிவம் மாறியது. 1922 இலையுதிர்காலம் முதல் மாணவரின் இனம், சமயம், தாயின் பிறந்தகப் பெயர், தந்தை பிறந்த இடம் ஆகியவை கேட்கப்பட்டன. தம் பெயரோ தந்தையின் பெயரோ பிறப்புக்குப் பின் மாற்றப்பட்டதா என்னும் கேள்வியும் இருந்தது. குடியேறிய யூதர் பலர் தம் பெயர்களை ஆங்கிலப் பெயர்களாக மாற்றிக்கொண்டதே இக்கேள்விக்குக் காரணம். மாணவர்களை உறுதியாக யூதர், பெரும்பாலும் யூதர், யூதராக இருக்கக்கூடியவர் என மூன்றாகப் பகுத்தும் கணக்கெடுத்தனர்.

தோல்வியும் மறைமுக வெற்றியும்

1923 ஏப்பிரலில் குழு தன் அறிக்கையில் உச்சவரம்பை நிராகரித்தது. நாட்டின் பிற பகுதிகளிலிருந்து மாணவர்களைக் கொணர, பள்ளி வகுப்பில் முதல் ஏழில் ஒரு பங்குக்குள் வருவோரைத் தேர்வின்றிச் சேர்க்கலாம் என்றும் பரிந்துரைத்தது. ஆனால், இத்திட்டத்தின் வழியாகவும் யூத மாணவர்கள் வந்தனர். 1925இல் அவர்கள் பங்கு 27 விழுக்காட்டைத் தாண்டியது.

1926இல் சேர்க்கை விதிகள் மீண்டும் மாற்றப்பட்டன. மதிப்பெண்ணுடன் 'குணநலன்', 'ஆளுமை' ஆகியவையும் கணக்கில் கொள்ளப்பட்டன, ஒளிப்படம் கட்டாயமானது. எந்த விதியிலும் 'யூதர்' என்ற சொல் இல்லை. ஆயினும் 1930களின் தொடக்கத்தில் யூத மாணவர் பங்கு லோவல் விரும்பிய 15 விழுக்காட்டளவில் வந்து நின்றது. யேல் பல்கலைக்கழகத்தில் இத்தகைய கட்டுப்பாடு 1960களின் தொடக்கம் வரை நீடித்தது.

மாற்றங்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. 1948இல் நியூயார்க் மாநிலம் கல்லூரிச் சேர்க்கையில் இன, சமயப் பாகுபாட்டைத் தடைசெய்தது. அதே ஆண்டில், யூதச் சமூகத்தின் ஆதரவுடன், அனைவரையும் சேர்க்கும் பிராண்டைசு பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. 1950களில் யூத மாணவர்களைக் கட்டுப்படுத்தியதற்காக இசுட்டான்போர்டு பல்கலைக்கழகம் 2022இல்தான் மன்னிப்புக் கேட்டது.

இன்றைய பொருத்தம்

2023 அக்டோபரில் இசுரேல்மீது அமாசு நடத்திய தாக்குதலும் அதைத் தொடர்ந்த காசாப் போரும் அமெரிக்க வளாகங்களில் யூத வெறுப்புக் குறித்த கவலையை மீண்டும் எழுப்பின. ஆர்வர்டு இரண்டு குழுக்களை அமைத்தது: ஒன்று யூத வெறுப்பையும், மற்றொன்று முசுலிம், அரபு, பாலத்தீன மாணவர்களுக்கு எதிரான பாகுபாட்டையும் ஆராய்ந்தது. இரண்டின் அறிக்கைகளும் 2025 ஏப்பிரலில் வெளியாயின.

இன்றைய சர்ச்சை முழக்கங்களையும் போராட்டங்களையும் சுற்றியது. 1920களின் பாகுபாடோ அலுவலக மேசையில் அமைதியாக நடந்தது. வெறுப்பு கூச்சலாக மட்டும் வருவதில்லை என்பதை அந்த வரலாறு காட்டுகிறது. நடுநிலையாகத் தோன்றும் ஒரு விதி யாரை வெளியே நிறுத்துகிறது என்பதை, அதன் சொற்களைக் கொண்டன்றி விளைவைக் கொண்டே அறிய முடியும்.