கழனித் தொட்டியில் விழுந்த மரச்சீனி

நாஞ்சில் நாட்டின் நெல் வேளாண்மையில் மாட்டுத்தீவனம் தனிப் பயிர் அல்ல. நெல்லோடு சேர்ந்தே வந்தது. சுசீந்திரத்தைச் சுற்றிப் பழையாறு பாயும் வயல்களில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் அறுத்ததும் வைக்கோல் படப்பாக ஏறும். தவிடு, அரிசி களைந்த கழனித் தண்ணீர், வடித்த கஞ்சி, மிஞ்சிய சோறு எல்லாம் தொழுவத்துத் தொட்டிக்குப் போகும். 1906-இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிந்து பாசனம் வலுவடைந்தபோது இந்த ஏற்பாடும் வலுவடைந்தது. மனிதர் உண்பது எதுவோ அதன் கழிவு மாட்டுக்கு ஆகும் என்பது எழுதாத விதி. மழையில் நனைந்து பூசணம் பூத்த வைக்கோலை ஒதுக்கி, சோற்றையும் கஞ்சியையும் அளவோடு கொடுத்தால், நெல்லின் கழிவுகளில் அஞ்சுவதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. குமரி மாவட்டத்திலும் அதை ஒட்டிய கேரளத்திலும் மரச்சீனி என்கிற மரவள்ளி தின்று கால்நடைகள் சாவதை விளங்கிக்கொள்ள, அந்தச் செடியின் நஞ்சைவிட இந்த நல்ல பழக்கத்தைத்தான் முதலில் ஆராய வேண்டும் என்பது என் கருத்து.

மரச்சீனி தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக மலையாளக் கரைக்கு வந்த கிழங்கு. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் அதன் சாகுபடியை ஊக்குவித்தார். 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்து அரிசி வரத்து நின்றபோது, சமஸ்தானத்து ஏழைகளின் உயிரைப் பிடித்து வைத்தது இந்தக் கிழங்குதான். கல்குளம், விளவங்கோடு பகுதிகளின் மேட்டு நிலத்தில் அது வேரூன்றியது; சந்தை வழியாக நெல் விளையும் ஊர்களின் அடுக்களைக்கும் வந்தது. மனிதருக்கான பக்குவமும் கூடவே வந்தது: தோலை உரி, துண்டு போடு, நிறையத் தண்ணீரில் வேகவை, தண்ணீரை வடித்துக் கொட்டு. கிழங்குக்கு இத்தனை கவனம் வகுத்த பக்குவம், உரித்த தோலும் வடித்த நீரும் எங்கே போக வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. அதற்கு அடுக்களையில் ஏற்கெனவே ஓர் இடம் இருந்தது: கழனித் தொட்டி.

அந்தத் தொட்டியில் நடப்பது இதுதான். மரச்சீனியின் திசுவில் லினமரின் என்ற பொருள் ஓர் அறையிலும், அதைப் பிளக்கும் நொதி இன்னோர் இடத்திலும் பிரிந்து கிடக்கின்றன. நறுக்கினாலோ மென்றாலோ இரண்டும் கலந்து ஹைட்ரஜன் சயனைடு பிறக்கிறது. சதையைவிடத் தோலிலும் இலையிலும் லினமரின் பொதுவாக அதிகம். கொதிக்கும் நீரில் நொதி செத்துவிட்டாலும் லினமரின் நீரில் கரைந்து நிற்கும். நமக்காக வடித்துக் கொட்டியது அதைத்தான். மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களுக்கோ செடியின் நொதி தேவையில்லை. அவையே லினமரினைப் பிளந்துவிடும். சயனைடு கூடுதலாகப் போனால் சில நிமிடங்களிலேயே மூச்சு வாங்கும், நுரை தள்ளும், உடல் நடுங்கும், மாடு சரியும். ரத்தத்தில் பிராணவாயு இருந்தும் திசுக்களால் அதைப் பயன்படுத்த முடியாததால், ரத்தம் பளீரென்று சிவந்திருக்கும்.

நஞ்சு செடியில் இருக்கும்போது பழக்கத்தைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். இதற்குச் சோளம் பதில் சொல்கிறது. இளஞ்சோளத்திலும் இதே சயனைடுதான் பிறக்கிறது. டன்ஸ்டன், ஹென்றி என்ற வேதியியலாளர்கள் 1902-இல் அதன் மூலப்பொருளைக் கண்டறிந்தார்கள். வேதியியல் அதற்குப் பெயர் வைக்கும் முன்பே, வறட்சியில் வாடிய சோளக்காட்டிலும் மறுதாம்புத் துளிரிலும் மாட்டை விடக்கூடாது என்பது புஞ்சைக்காட்டு விவசாயிக்குத் தெரிந்திருந்தது. சோளம் மாட்டுத் தீவனமாகவே பல தலைமுறை கண்ட பயிர். அதன் ஆபத்தும் அனுபவத்தில் ஏறிவிட்டது. மரச்சீனி மனிதருக்கான பஞ்ச உணவாக நுழைந்தது. மாட்டிடம் அது பின்வாசல் வழியாகப் போனது. அரளியும் எருக்கும் ஊமத்தையும் கொடிய நஞ்சுதானே என்றால், ஆமாம். ஆனால் வயிறு நிறைந்த மாடு அவற்றை முகர்ந்து விலகிவிடும். மரச்சீனித் தோலை வீட்டுக்காரர் தம் கையாலேயே கொண்டுபோய் வைக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. எத்தனையோ வீடுகளில் தோலைப் போடுகிறார்கள், மாடுகள் நன்றாகத்தானே இருக்கின்றன? உண்மைதான். சிறிது சிறிதாக வரும் சயனைடை மாட்டின் கல்லீரல் கந்தகத்தின் துணையோடு தயோசயனேட்டாக மாற்றி வெளியேற்றிவிடும். ஆனால் மரச்சீனியில் ரகத்துக்கு ரகம், மண்ணுக்கு மண், மழைக்கு மழை நஞ்சின் அளவு மாறுகிறது. வீட்டில் உண்ணும் எம்-4 ரகமும் மாவு ஆலைக்குப் போகும் எச்-226 ரகமும் ஒன்றல்ல. ஐம்பது தடவை ஒன்றும் ஆகவில்லை என்பது ஐம்பத்தோராம் தடவைக்கு உத்தரவாதம் ஆகாது. 2023 டிசம்பர் 31 இரவு இடுக்கி மாவட்டம் தொடுபுழா அருகே வெள்ளியாமற்றத்தில், மரச்சீனித் தோல் தின்ற 13 மாடுகள் ஒரே தொழுவத்தில் மாண்டன. மரச்சீனியோடு நெடுங்காலம் வாழ்ந்த மக்களிடையேதான் இது நடந்தது.

ஆகவே அறியாமை என்று ஒற்றைச் சொல்லில் தீர்ப்பு எழுதுவது நியாயமல்ல. நஞ்சை வயல்கள் வீட்டுமனையாகவும் வாழை, தென்னந்தோப்பாகவும் மாற மாற, வைக்கோல் விலைகொடுத்து வாங்கும் பொருளாகிவிட்டது. தீவனம் குறைந்த வீட்டில் கழிவின் மதிப்பு கூடுகிறது. பசித்த மாடும் வாரி விழுங்குகிறது. மேற்கே ரப்பர் தோட்டங்களில் வெட்டிய மரத்தின் இலையை அது மேய்ந்தாலும் உள்ளே போவது அதே லினமரின்தான். தோலைப் பொடியாக நறுக்கி, மெல்லிய பரப்பாக வெயிலில் நன்கு காயவைத்து, வைக்கோலோடு அளவாகக் கலந்து கொடுத்தால் ஆபத்து வெகுவாகக் குறையும்; உடனே மருத்துவர் வந்தால், புகைப்பட ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொன்ன சோடியம் தயோசல்பேட்டை ஊசியாகப் போட்டுக் காப்பாற்றவும் வாய்ப்புண்டு. கழனித் தொட்டியைக் கைவிட வேண்டியதில்லை. அது நெல்லுக்காக உருவான விதி என்பதை உணர்ந்து, புதிதாக வரும் ஒவ்வொரு பயிரின் கழிவுக்கும் தனியே பக்குவம் வகுக்க வேண்டும். மனிதருக்கான பக்குவத்தைப் பரப்பிய அதே அக்கறை தொழுவம் வரைக்கும் போயிருந்தால், இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை நேர்ந்திருக்காது.