படம் வெளியான பிறகு ஓடத் தொடங்கிய ரயில்

2004-ல் வெளிவந்த 'ஸ்பைடர்-மேன் 2' படத்தில் ஒரு ரயில் நிற்கிறது. பிரேக் பிடித்ததால் அல்ல. வில்லன் டாக்டர் ஆக்டோபஸ் வேகத்தை முழுக்கக் கூட்டிவிட்டு, ஓட்டுநரின் கைப்பிடியைப் பிய்த்தெறிந்துவிட்டுப் போய்விடுகிறார். சற்றுத் தூரத்தில் தண்டவாளமே முடிகிறது, அதற்கப்பால் தண்ணீர். முகமூடி இல்லாத ஸ்பைடர்-மேன், அதாவது பீட்டர் பார்க்கர், வண்டியின் முகப்பில் முதுகைச் சாய்த்து நின்று, இருபுறக் கட்டடங்களிலும் வலையை வீசிப் பிடித்து, உடை கிழியக் கிழிய, தடத்தின் விளிம்பில் ரயிலை நிறுத்துகிறார். பயணிகள் அவரைத் தலைக்கு மேல் தூக்கி உள்ளே கொண்டுபோகிறார்கள். தியேட்டரில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்ட இடம் அது. சிலர் மட்டும் காகிதமும் பேனாவும் எடுத்தார்கள்.

நான் தேடிப் போனது இந்த இரண்டாவது கூட்டத்தை. அவர்களில் பெயர் பெற்றவர்கள் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக இயற்பியல் மாணவர்கள் மூவர். அங்கே கடைசி ஆண்டு மாணவர்கள் தாங்களே கட்டுரை எழுதி, தங்களுக்குள்ளேயே மதிப்பிட்டு வெளியிடும் ஆய்விதழ் ஒன்று உண்டு. அதில் வந்த இவர்களின் கணக்கு 2013-ன் தொடக்கத்தில் செய்தியானது. பயணிகள் நிறைந்த நான்கு பெட்டிகளை நிறுத்த வலை ஏறத்தாழ 3,00,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். வலையின் மீள்தன்மைக் கெழு 3.12 கிகாபாஸ்கல், ஒரு கனமீட்டர் வலை அறுவதற்குமுன் சுமார் 500 மெகாஜூல் ஆற்றலை விழுங்க வேண்டும். மடகாஸ்கரில் வாழும் டார்வின் மரப்பட்டைச் சிலந்தியின் இழை இந்த அளவை எட்டுகிறது. ஆகவே காட்சி நடக்கக்கூடியதுதான் என்று தீர்ப்பு. உலகப் பத்திரிகைகள் சிரித்துக்கொண்டே போட்டன.

எனக்கு உறுத்தியது கணக்கல்ல, ரயில். மாணவர்கள் எடுத்துக்கொண்டது நியூயார்க் சுரங்க ரயிலின் ஆர்160 வகைப் பெட்டி. அந்தப் பெட்டி பயணிகளை ஏற்றத் தொடங்கியது 2006-ல். படம் வந்து இரண்டு வருடம் கழித்து! அப்படியானால் பீட்டர் நிறுத்திய ரயில் எது?

படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் வண்டியில் 'ஆர்' என்ற எழுத்து தெரிகிறது. நியூயார்க்கில் ஆர் ரயில் உண்டு. ஆனால் அது முழுக்க முழுக்க மண்ணுக்கு அடியில் ஓடுவது. படத்திலோ வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே, தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் பாய்கிறது. மன்ஹாட்டனில் ஒரு காலத்தில் அப்படிப்பட்ட தடங்கள் இருந்தன. ஆறாவது அவென்யூ தடம் 1938-ல் மூடப்பட்டது, ஒன்பதாவது 1940-ல், இரண்டாவது அவென்யூவில் மிச்சமிருந்தது 1942-ல். கடைசியாக மூன்றாவது அவென்யூ தடத்தில் மன்ஹாட்டன் பகுதி 1955 மே மாதம் நின்றது. வடபகுதியில் ஒன்றாம் எண் ரயில் சில இடங்களில் மேலே ஏறி ஓடுவது தவிர, அந்தத் தீவில் அப்படிப்பட்ட தடம் வேறெதுவும் மிஞ்சவில்லை. பீட்டர் பார்க்கர் நின்ற தடத்தை அவர் பிறப்பதற்கு முன்பே பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள்.

விடை தெரிந்ததுதான், மறைத்து வைக்கப்பட்டதும் அல்ல. முதன்மைப் படப்பிடிப்பு 2003 ஏப்ரலில்தான் தொடங்கியது. அதற்கு முன்பே, 2002 நவம்பரில், இயக்குநர் சாம் ரைமியின் குழு சிகாகோவுக்குப் போய் ஒரு பெட்டியை வாங்கி, அதில் பதினாறு கேமராக்களைப் பொருத்தி, 'லூப்' எனப்படும் வட்டத் தடத்தில் இரண்டு நாள் ஓட்டிப் பின்னணிக் காட்சிகளைப் பிடித்தது. 1897-லிருந்து ஓடும் தடம் அது. அலுவலகக் கட்டடங்களின் இரண்டாம் மாடி ஜன்னலை உரசுவதுபோல ரயில் போகும். வலையை எறிந்தால் ஒட்டிக்கொள்ளச் சுவர் இருக்கும் ஊர் வேண்டுமென்றால் சிகாகோதான்.

சாதாரண வழக்கு என்றால் கோப்பை இங்கே மூடிவிடலாம். ஆனால் 'அது சிகாகோவில் எடுத்தது' என்று ஒரு தீவிர ரசிகரிடம் சொல்லிப் பாருங்கள். நீங்கள் ஏதோ அநாகரிகமாக நடந்துகொண்டதுபோல் பார்ப்பார். இந்த ஆட்டத்தில் கேமரா, இயக்குநர், பட்ஜெட் மூன்றையும் வாயில் எடுக்கக் கூடாது. திரையில் தெரிவது நடந்த சம்பவம். அதில் முரண் இருந்தால் விளக்கத்தான் வேண்டும், மறுக்கக் கூடாது. இந்தச் சட்டத்தை யார் போட்டது என்று நூல் பிடித்துப் போனேன். நூல் சினிமாவை விட்டுக் காமிக்ஸுக்குள் போனது.

1964-ல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' இதழ் ஒன்றில் ஹல்க்கின் நிஜப் பெயர் புரூஸ் பேனர் என்பதை மறந்து பாப் பேனர் என்று எழுதிவிட்டார் ஸ்டான் லீ. வாசகர்கள் பிடித்துக்கொண்டார்கள். அவர் சளைக்கவில்லை: ஆளின் முழுப் பெயர் ராபர்ட் புரூஸ் பேனர், இரண்டும் சரிதான் என்றார். இன்றுவரை அதுதான் ஹல்க்கின் அதிகாரபூர்வப் பெயர். அந்தக் காலத்தில்தான் மார்வெல் 'நோ-பிரைஸ்' என்ற விருதை ஆரம்பித்தது. பரிசு என்று ஒன்றும் கிடையாது என்பதே பரிசு. 1967 முதல், வென்றவருக்கு ஓர் உறை தபாலில் வரும், நீங்கள் வென்ற நோ-பிரைஸ் உள்ளே இருக்கிறது என்று மேலே அச்சடித்திருக்கும், திறந்தால் காலி. போகப்போக விதி இறுகியது. தப்பைக் காட்டினால் மட்டும் போதாது, அது தப்பே அல்ல என்று நிரூபித்தால்தான் உறை. நம் இலக்கண உரைகாரர்கள் வழுவமைதி சொல்வார்களே, அதே வேலை. அவர்களுக்கு உறைகூடக் கிடைத்ததில்லை.

இதற்கும் முந்திய படி ஒன்று ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. 1911-ல் ரொனால்ட் நாக்ஸ் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை வேதநூல் ஆராய்ச்சியின் பாணியில், முகத்தில் சிரிப்பே இல்லாமல் அலசி ஒரு கட்டுரை வாசித்தார். வாட்சனுக்குக் குண்டு பாய்ந்தது ஒரு கதையில் தோளில், இன்னொன்றில் காலில். கோனன் டாயில் மறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொல்லாமல் இருப்பதுதான் ஆட்டம். லார்ட்ஸ் மைதானத்தில் கிரிக்கெட் ஆடும் பவ்யத்தோடு இதை ஆட வேண்டும் என்று பிறகு டோரதி சேயர்ஸ் வரையறுத்தார்.

ரயில் காட்சியின் வேர் நாக்ஸிடம் இல்லை. அது 1973-ல், ஒரு பாலத்தில் இருக்கிறது. 'அமேசிங் ஸ்பைடர்-மேன்' 121-ஆம் இதழில் வில்லன் க்ரீன் காப்ளின், பீட்டரின் காதலி க்வென் ஸ்டேசியைப் பாலத்திலிருந்து தள்ளுகிறான். பீட்டர் வலையை வீசி அவளைப் பிடிக்கிறார். மேலே இழுத்தால் உயிர் இல்லை. படத்தில் கழுத்தருகே சிறிய எழுத்தில் ஒரு முறியும் சத்தம். விழுந்ததால் இறந்தாளா, பிடித்ததால் இறந்தாளா? கடிதங்கள் குவிந்தன. 125-ஆம் இதழின் வாசகர் பக்கத்தில் ஆசிரியர் குழு வருத்தத்தோடு ஒப்புக்கொண்டது: வலை திடீரென நிறுத்திய வெட்டிழுப்பே அவளைக் கொன்றது. பிற்பாடு மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியலாளர் ஜேம்ஸ் ககாலியோஸ் கணக்குப் போட்டு அந்த வாசகர்கள் பக்கம் நின்றார். (பாலத்தின் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன் என்று எழுதியிருக்கிறது, வரைந்திருப்பது புரூக்ளின் பாலம் மாதிரி. ஊரை மாற்றிப் போடும் வழக்கம் சிகாகோவில் ஆரம்பித்ததல்ல.)

பாலத்தையும் ரயிலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாலத்தில் பீட்டர் ஒரு கணத்தில் நிறுத்தினார். ரயிலில் நிமிடக் கணக்கில் தோன்றும்படி மெல்ல மெல்ல நிறுத்துகிறார். வலைகள் நீள்கின்றன, நீண்டுகொண்டே விறைக்கின்றன. எனக்கு இது தற்செயலாகத் தெரியவில்லை. படத்தின் பீட்டருக்கு க்வென்னை அப்போது தெரியாது என்பது வேறு விஷயம்.

மிச்சம் இருப்பது சிலந்தி. லெஸ்டர் மாணவர்கள் கைகாட்டிய டார்வின் மரப்பட்டைச் சிலந்தியை அறிவியல் உலகம் விவரித்துப் பெயரிட்டது 2010-ல். ரயில் 2006, சிலந்தி 2010, சம்பவம் 2004. இரண்டு சாட்சிகளுமே சம்பவத்துக்குப் பிறகு வந்தவர்கள்! வேறு சாட்சி இல்லையா என்று 2002-ல் வந்த முதல் படத்துக்குப் போனேன். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வகத்தில் மாணவர்களுக்குச் சுற்றிக் காட்டும் பெண், மரபணு கலந்த சிலந்திகளுக்கு மூலமான மூன்று இனங்களைச் சொல்கிறார். வலைக்கு மூலம் குகுல்கேனியா என்ற பேரினம்; அதன் இழை பாலம் கட்டும் கம்பிக்கு நிகரான வலிமை கொண்டது என்கிறார். படமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. யாரும் மடகாஸ்கர் போயிருக்க வேண்டாம். அந்தச் சிலந்தி அமெரிக்காவின் தென்மாநில வீடுகளில் சுவர் இடுக்கில் குடியிருப்பது.

ஆனால் பாலக் கம்பி இந்த வழக்குக்குப் போதாது. இன்றைய தொங்குபாலக் கம்பியின் வலிமை ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 1,600 நியூட்டனுக்கும் மேல். அப்படியென்றால் 3,00,000 நியூட்டனைத் தாங்க எல்லா இழைகளும் சேர்ந்து இரண்டு சதுர சென்டிமீட்டர் குறுக்குவெட்டுப் பரப்பு இருந்தால் ஆயிற்று. சிக்கல் ஆற்றலில் இருக்கிறது. வண்டி 200 டன், வேகம் விநாடிக்கு 24 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அதன் இயக்க ஆற்றல் 57.6 மெகாஜூல். கனமீட்டருக்கு 500 மெகாஜூல் என்ற கணக்கில் அதை விழுங்கக் குறைந்தபட்சம் 115 லிட்டர் வலை வேண்டும். மோட்டார் தள்ளிக்கொண்டே இருப்பதைச் சேர்த்தால் இன்னும் கூடும். மாடியில் வைக்கும் ஒரு சின்னத் தண்ணீர்த் தொட்டி அளவு. சிலந்தி இழை தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் கனம். ஆகவே 150 கிலோ. காமிக்ஸில் வலை மணிக்கட்டுக் கருவியிலிருந்து வரும். ரைமியின் படத்தில் உடம்பிலிருந்தே வருகிறது. 75 கிலோ இருக்கக்கூடிய ஒரு பையன் தன் எடையைப் போல இரண்டு மடங்கை மணிக்கட்டு வழியாக வெளியேற்றியிருக்கிறான். அவன் மயங்கி விழுந்ததற்குக் களைப்பு என்று இத்தனை நாள் காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பொருளின் அழியாமை விதியை நான் தொடப்போவதில்லை. உறை வேண்டும் என்பவர்கள் தொடட்டும். என் பங்குக்கு ரயிலைத் தீர்த்துவிடுகிறேன். படத்தின் உலகத்தில் 1955-ல் மூன்றாவது அவென்யூ தடத்தை இடிக்கவில்லை. இடிக்காததால் ஆர் ரயிலை மேலே ஏற்றிவிட்டார்கள். தடம் நிலைத்ததால் புதுப்பெட்டிகளையும் இரண்டு வருடம் முன்னதாகவே வாங்கிவிட்டார்கள். லெஸ்டர் மாணவர்கள் சொன்ன ஆர்160 சரிதான்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று உண்டு. நியூயார்க் ரயிலில் ஓட்டுநர் கைப்பிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கை எடுத்தால் அவசர பிரேக் விழும். ஆக்டோபஸ் கைப்பிடியையே பிடுங்கிவிட்டார், பிரேக் விழவில்லை. அழுத்திய நிலையில் உள்ளே நசுக்கிவிட்டார் என்று சமாளிக்கலாம். சிவப்பு சிக்னலை மீறினால் தண்டவாள ஓரத்தில் எழுந்து நிற்கும் இரும்புக் கை பெட்டியின் அடியிலுள்ள வால்வைத் தட்டியிருக்க வேண்டும். எல்லா சிக்னலும் பச்சையாகவே இருந்தன என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வண்டி மூன்றாவது தண்டவாளத்து மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஊரே பார்க்க நகரின் நடுவில் ஒரு ரயில் நிலையங்களில் நிற்காமல் பறக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் இருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட ஏன் அந்த மின்சாரத்தை நிறுத்தவில்லை?