கித்தாக்காட்டுக் காசும் கடல் தாண்டிய கணக்கும்

மலேசியாவின் கெடா மாநிலத்து யான் பட்டணத்தில் நின்று பார்த்தால் ஒரு பக்கம் ஜெராய் மலை, மறுபக்கம் மலாக்கா நீரிணை, நடுவில் நெல்வயல். மலையைச் சுற்றிக்கொண்டு கிழக்கே போனால் குருண், பீடோங், சுங்கைப்பட்டாணி என்று ரப்பர்த் தோட்டங்களை, அதாவது கித்தாக்காடுகளை, நம்பி வளர்ந்த ஊர்கள் வரிசையாக வரும். 1915இல் ரயில் அலோர் ஸ்டார் வரை வந்த பிறகு, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்களுக்கு இந்தத் தோட்டங்கள் எட்டும் தூரத்துக்கு வந்துவிட்டன. அங்கே பால்வெட்டிச் சேர்த்த காசை அவர்கள் எங்கே வைத்தார்கள் என்ற கேள்விக்கு நூறு வருஷ வரலாறு உண்டு.

வெளிநாட்டில் கணக்குத் தொடங்கப் போகிறவரிடம் கேட்கப்படும் முதல் கேள்வி, "நீ எந்த நாட்டுக்காரன்?" என்பதுதான். கெடாத் தமிழனுக்கு அந்தக் கேள்விக்கு நேரான பதில் இருக்கவில்லை. 1909இல் பாங்காக்கில் கையெழுத்தான ஒப்பந்தம் கெடாவைச் சயாமிடமிருந்து பிரிட்டிஷ் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. ஆனாலும் அது பினாங்கைப் போலப் பிரிட்டிஷ் காலனி ஆகவில்லை. பிரிட்டிஷ் ஆலோசகரை வைத்துக்கொண்ட சுல்தானின் நாடாகவே இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பிரிட்டிஷ் அரசரின் பிரஜை. கெடா மண்ணிலோ அயலார்.

தொடக்கத்தில் தோட்டத்து வங்கி கங்காணிதான். ஊரிலிருந்து ஆளைக் கூட்டி வந்தவர், பெரட்டில் பெயர் கூப்பிட்டவர், கூலி கைக்கு வந்ததும் முன்பணக் கடனைக் கழித்துக்கொண்டவர் எல்லாம் அவரே. ஊருக்குப் பணம் அனுப்பவும் அவரிடமோ தோட்டத்து எழுத்தரான கிராணியிடமோதான் போய் நிற்கவேண்டும். எழுதத் தெரியாதவர் சொல்லச் சொல்லக் கிராணி மணியார்டர் தாளில் கிராமத்தையும் தாலுகாவையும் எழுதுவார். அதில் ஓர் எழுத்து தவறினால் பணம் திரும்பி வரும், பல மாதம் கழித்து. மீதிக் காசு லயத்துத் தகரப்பெட்டியில் கிடக்கும், அல்லது பவுனாக மாறிப் பெண்டாட்டியின் கழுத்தில் ஏறும். 1920களில் போக்குவரத்து வசதியுள்ள தோட்டங்களில் ஆண்களின் நாள்கூலி ஐம்பது காசாக இருந்தது. நூறு காசு கொண்ட ஒரு வெள்ளி இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ்; 1927 முதல் ஒரு ரூபாய் ஒரு ஷில்லிங் ஆறு பென்ஸ். ஆகவே அந்த ஐம்பது காசு, ஊரில் ஏறக்குறையப் பன்னிரண்டரை அணா. கடல் தாண்டி வந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

கங்காணிக்கு மேலே லேவாதேவிச் செட்டியார் இருந்தார். பினாங்கு வீதியில் அவர்கள் தொழில் நடத்திய கூடங்களான கிட்டங்கிகளில் தரையோடு தரையாகச் சின்னச் சின்ன மேசைப்பெட்டிகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொரு பெட்டியடியும் தனித்தனி விலாசம், தனித்தனிப் பேரேடு. முதலாளி செட்டிநாட்டில் இருப்பார். மேலாள் மூன்று வருஷத் தவணைக்கு வந்து கணக்கை நடத்திவிட்டு ஊர் திரும்புவார். பினாங்கில் கட்டிய பணத்தை உண்டியல் சீட்டை நீட்டிக் காரைக்குடியில் வாங்கிக்கொள்ளலாம். கடவுச்சீட்டு கேட்கவில்லை, முகவரிச் சான்று கேட்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொன்னால் போதும். தோட்டத்துக் கடைக்காரருக்கும் வசதியான கங்காணிக்கும் இது மிகப் பெரிய உதவி. ஆனால் நாள்கூலிக்காரர் கிட்டங்கிக்குள் முதல்போட நுழைந்தது குறைவு. அவருக்குக் கடைசிவரை துணை நின்றவை மணியார்டரும் அஞ்சலகச் சேமிப்புப் புத்தகமும்தான். செட்டியார் வரலாற்றைப் பெருமையோடு எழுதுகிறவர்கள் இந்த இடைவெளியையும் சேர்த்து எழுதவேண்டும்.

கடல் தாண்டிய கணக்கு இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஜெராய் மலையின் தென்சரிவில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு இருக்கிறது. பழைய கெடாவான கடாரத்து அரசரின் முகவர் நாகப்பட்டினம் காயாரோகணசாமி கோயிலுக்குச் சீனக்கனகம் கொடுத்ததை முதலாம் இராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு சொல்கிறது. அன்றைக்குக் கெடாவின் பொன் நாகப்பட்டினத்துக்குப் போனது.

நவீன வங்கி தமிழர் கையால் வந்தது 1937இல். அந்த ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைக் காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் திறந்தார். பின்னர் பினாங்கிலும் கிளை வந்தது. பேரின் நடுவிலேயே ‘கடல் கடந்த’ என்று வைத்துக்கொண்ட வங்கி அது. அந்நியச் செலாவணி வெள்ளைக்காரர் வங்கிகளின் ஏகபோகமாக இருந்த காலத்தில், கிட்டங்கி நம்பிக்கையை முத்திரையிட்ட பாஸ்புத்தகமாக மாற்றிய முயற்சி இது. சிதம்பரம் செட்டியார் 1954 மார்ச் 13 அன்று சிங்கப்பூர் காலாங் விமான விபத்தில் இறந்தார்.

இடையில் போர். 1943 அக்டோபரில் ஜப்பானியர் கெடாவைச் சயாமிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கெடாத் தோட்டங்களிலிருந்தும் தமிழர்கள் சயாம் மரண ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். போர் முடிந்ததும் ஜப்பானியர் வெளியிட்ட வாழைமர நோட்டுகள் செல்லாக்காசாயின. தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தவர்களுக்கு ஒரு பொட்டும் மிஞ்சவில்லை. அடுத்து வந்தது கள்ளுக்கடைப் போராட்டம். பீடோங் அருகிலுள்ள ஹார்வர்டு தோட்டத்தைச் சேர்ந்த ஏ.எம். சாமி தொண்டர் படையைத் திரட்டி, கூலியை விழுங்கிக்கொண்டிருந்த கள்ளுக்கடைகளை எதிர்த்தார். 1947இல் போலீஸ் தடியடியும் துப்பாக்கிச் சூடும் நடந்தன. சேமிப்பு என்ற சொல்லுக்குக் கெடாவில் இரத்தம் சிந்தப்பட்டிருக்கிறது.

இனி 1966. ஜூன் 6ஆம் தேதி இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. மலேசிய வெள்ளி அசையவில்லை. அதுவரை நூறு வெள்ளிக்கு ஊரில் 155 ரூபாய், இப்போது 245. அதுவரை சிறுகச்சிறுக ஊருக்கு அனுப்பி ரூபாயாக வைத்திருந்தவருக்கும், இங்கேயே அஞ்சலகத்தில் வெள்ளியாக வைத்திருந்தவருக்கும் ஒரே இரவில் இவ்வளவு வித்தியாசம். பணத்தை எந்த நாட்டில் வைப்பது என்பது பணக்காரர்களின் கவலை மட்டும் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

மூன்றே வருஷத்தில், 1969இல், இன்னோர் அடி. 1968இல் வந்த மலேசியச் சட்டப்படி குடியுரிமை இல்லாதவர் வேலைபார்க்க அனுமதிச்சீட்டு வேண்டும் என்றானது. குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்த ஏறக்குறைய அறுபதாயிரம் இந்தியர்கள் ஊழியர் சேமநிதியை எடுத்துக்கொண்டு நாட்டைவிட்டுப் போனார்கள். அதே 1969 ஜூலை 19 அன்று இந்தியா பதினான்கு வங்கிகளைத் தேசியமயமாக்கியது. வெளிநாட்டு அரசுக்குச் சொந்தமான வங்கிக்கு அன்றைய மலேசியச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. எனவே 1973இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இந்தியன் வங்கி, யுனைடெட் கமர்ஷியல் வங்கி ஆகியவற்றின் மலேசியக் கிளைகள் ஒன்றாகி யுனைடெட் ஏசியன் வங்கி ஆயின. மனிதருக்குக் கேட்ட அதே குடியுரிமைக் கேள்வி வங்கிக்கும் கேட்கப்பட்டது. அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1974 டிசம்பரில் பேங்க் சிம்பானான் நேஷனல் ஆனது.

இன்றைக்கு அந்த ‘எந்த நாட்டுக்காரன்’ கேள்வியில் அதிகம் மாட்டிக்கொள்பவர் அமெரிக்கர். பினாங்கில் ஓய்வுக்காலத்தைக் கழிக்க வரும் அமெரிக்கக் குடிமகன் எங்கே வசித்தாலும் தம் நாட்டுக்கு வரிக்கணக்குக் காட்டவேண்டும். வெளிநாட்டுக் கணக்குகளில் உள்ள தொகை மொத்தமாகப் பத்தாயிரம் டாலரைத் தாண்டினால், 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிப்படி தனியாக அறிக்கை தரவேண்டும். 2010இல் வந்த ‘ஃபாட்கா’ சட்டம் அந்தக் கடமையை வங்கிகள் மீதும் ஏற்றியது. அமெரிக்கரின் கணக்கை வங்கியே அறிவிக்கவேண்டும் என்பதால், அவரை வாடிக்கையாளராகச் சேர்க்கவே பல நாடுகளில் வங்கிகள் தயங்குகின்றன. மலேசியாவில் யார் கணக்குத் தொடங்கினாலும், ஜெராய் அடிவாரத்துத் தமிழரே ஆனாலும், தாம் அமெரிக்கரா இல்லையா என்று ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது.

யுனைடெட் ஏசியன் வங்கி 1991இல் பேங்க் ஆப் காமர்ஸோடு சேர்ந்தது. அந்த வழி இன்று சி.ஐ.எம்.பி. வங்கியில் வந்து நிற்கிறது. தாத்தாவின் பழைய பாஸ்புத்தகம் வீட்டுப் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடவேண்டாம். ஏழு வருஷம் நடமாட்டம் இல்லாத கணக்கின் பணம், 1965ஆம் ஆண்டின் கோரப்படாத பணச் சட்டப்படி மலேசியத் தலைமைக் கணக்காயர் துறைக்குப் போகிறது. இணையத்திலேயே பெயரும் அடையாள அட்டை எண்ணும் கொடுத்துத் தேடலாம். இந்தியாவில் பத்து வருஷம் கேட்பாரற்ற வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகிறது. அதைத் தேட 2023 முதல் ‘உத்கம்’ தளம் இருக்கிறது. இரண்டு நாட்டிலும் வாரிசுகள் சான்றுகளோடு விண்ணப்பித்துப் பணத்தைப் பெறலாம்.