தில்லி மரங்களும் தமிழ்ப் பெயர்களும்

மரத்தின் பெயரை ஊருக்கு வைத்து வாழ்ந்த மக்கள் நாம். தில்லை, ஆலங்காடு, இடைமருது, கடம்பூர் என்று பட்டியல் நீளும். தலமரம் இல்லாத பழங்கோயில் நம் நாட்டில் அபூர்வம். அப்படிப்பட்ட நாம் தில்லிக்கு வந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஆனாலும் வீட்டு வாசலில் நிற்கும் மரத்தின் பெயரைக் குழந்தை கேட்டால், "ஏதோ இந்தி மரம்டா" என்று சொல்லி நகர்ந்து விடுகிறோம்.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன், வியாபாரி. சதர் பஜார் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கல்வெட்டுப் படிக்கும் ஆசையில் இந்நகரின் பழைய மூலைகளைச் சுற்றத் தொடங்கினேன். நாளடைவில் கல்லைவிட மரம் அதிகம் பேசுவதாகத் தோன்றியது. ஆராய்ந்து பார்த்ததில் தெரிந்த செய்தி ஒன்று: தில்லியின் முக்கியமான மரங்களில் பல நம்முடைய பழைய சொந்தங்களே. இங்குள்ள பெயரும் நம் பெயரும் பல இடங்களில் ஒரே பொருளைச் சொல்கின்றன. அவற்றில் சிலவற்றை அன்பர்கள் முன் வைக்கிறேன்.

கிர்னி என்னும் பாலை

தெற்கு தில்லியில் சிராக் தில்லி என்றொரு ஊர் உண்டு. மேம்பாலத்தில் தினமும் கடந்து போகிறோம், உள்ளே போனவர் குறைவு. இப்போது மெட்ரோ நிலையமே இருக்கிறது, ஒருநாள் இறங்கிப் போய்ப் பாருங்க. குறுகிய சந்துகளுக்குள், 1356இல் மறைந்த நசீருத்தீன் சிராக் தெஹ்லவி என்னும் சூஃபிப் பெரியவரின் தர்கா இருக்கிறது. அங்கே முறுக்கேறிய அடிமரத்தோடு ஒரு கிர்னி மரம் நிற்கிறது. மிக மெதுவாக வளரும் சாதி அது. அந்தப் பருமன் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் வேண்டும்.

கிர்னி என்பது 'க்ஷீரிணி' என்ற வடசொல்லின் திரிபு. க்ஷீரம் என்றால் பால். கிள்ளினால் பால் வடியும் மரம். அதே காரணத்தால் நம் முன்னோர் இதைப் பாலை என்றார்கள். உலக்கைப் பாலை என்றும் சொல்வதுண்டு, அவ்வளவு கனத்த மரம். பாலைத் திணைக்குப் பெயர் தந்தது இந்த மரமா வெட்பாலையா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. அது எப்படியானாலும், கோடையில் பழைய தில்லியில் தள்ளுவண்டியில் குவித்து விற்கும் சின்ன மஞ்சள் கிர்னிப் பழம் நம்ம ஊர்ப் பாலைப்பழமே. தின்றால் உதடு ஒட்டும், அதுவே அடையாளம். சப்போட்டா ஒட்டுக் கட்டுவதற்கு அடிச்செடியாக இன்றும் இதைத்தான் வைக்கிறார்கள்.

ஜன்பத்தில் மருதம்

1911 டிசம்பர் 12 அன்று தில்லி தர்பாரில் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931 பிப்ரவரியில் புது தில்லி திறந்து வைக்கப்பட்டது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் கட்டடங்களோடு சாலை மரங்களும் திட்டமிட்டு நடப்பட்டன. முஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரியின் உழைப்பு இதில் பெரிது. ஒரு சாலைக்கு ஒரு மரம் என்பதே பெரும்பாலும் முறை. லோதி சாலைக்கு வேம்பு, அக்பர் சாலைக்கும் திலக் மார்க்குக்கும் புளி, ராஜபாதைக்கு நாவல், அன்று குவீன்ஸ்வே எனப்பட்ட ஜன்பத்துக்கு அர்ஜுன்.

அர்ஜுன் என்றதும் பாண்டவரில் ஒருவரை நினைக்க வேண்டாம். அது மருத மரம். சான்று நம்மிடமே இருக்கிறது: திருவிடைமருதூரின் வடமொழிப் பெயர் மத்தியார்ஜுனம். இடை என்பது மத்தியம், மருது என்பது அர்ஜுனம். ஆற்றங்கரையில் வளரும் இயல்புடைய மரம், வயலும் புனலும் சார்ந்த ஒரு திணைக்கே பெயராக அமைந்த மரம். அது இங்கே ஆறில்லாத சாலையில், வெளிறிய வழவழப்பான பட்டையோடு வரிசை கட்டி நிற்கிறது. ஜன்பத் கடைகளில் பேரம் பேசும் நம் பெண்மணிகள் ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்த்தால் போதும்.

2022இல் கர்த்தவ்ய பாதை என்று பெயர் மாறிய ராஜபாதையின் நாவல் மரங்களையும் சொல்ல வேண்டும். மழை தொடங்கும் காலத்தில் பழத்தைக் குத்தகைக்கு எடுத்தவர்கள், கீழே துணி விரித்துப் பிடித்துக் கிளையை உலுக்குவார்கள். ஜம்பு என்றாலும் நாவல் என்றாலும் ஒன்றே. ஜம்புத்வீபம் என்று எங்கள் சமண நூல்கள் உலகின் நடுத்தீவை வருணிக்கும். தமிழில் அது நாவலந்தீவு. அந்த மரத்தின் அடியில்தான் நாட்டின் குடியரசு நாள் அணிவகுப்பு ஆண்டுதோறும் நடக்கிறது.

பழைய நகருக்குள் போனாலும் இப்படித்தான். ஜும்மா மசூதிக்குப் பின்னால் பஹாடி இம்லி என்றொரு பகுதி. தமிழில் சொன்னால் புளியமேடு. மரத்தால் ஊரை அறியும் வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று.

சீமைக் கருவேலமும் வன்னியும்

தில்லியின் முதுகெலும்பு ரிட்ஜ் எனப்படும் பாறைக்காடு, ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி. இங்கே இன்று கண்ணில் படுவதில் பெரும்பங்கு விலாயத்தி கீகர். விலாயத் என்றால் சீமை, கீகர் என்றால் கருவேலம். அப்படியே சீமைக் கருவேலம்! இராமநாதபுரத்தில் கண்மாயை வளைத்துக்கொண்ட அதே மரம், அதே பெயரோடு இங்கே காட்டை வளைத்துக்கொண்டது. அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த இதற்கு, ஒருவரையொருவர் கேட்காமலே இரண்டு மொழிக்காரரும் ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

அதன் நடுவே பழைய குடிகளும் மிச்சம் இருக்கிறார்கள். வெள்வேலம் இங்கே ரோஞ்ஜ். வன்னி இங்கே கேஜ்டி அல்லது ஜாண்ட். விருத்தாசலம் கோயிலின் தலமரம் வன்னி என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். தில்லி எல்லையை ஒட்டி அரியானாவில் மாங்கர் என்னும் ஊரில், ஒரு சாமியாரின் ஆணை என்று நம்பி, ஊரார் கிளையைக்கூட ஒடிக்காமல் காத்து வந்த காடு ஒன்று உண்டு. நம்ம ஊர்ல கோயில்காடு என்போமே, அதேதான்.

அசோகு அல்லாத அசோகு

ஒரு பெயர் மட்டும் இங்கே தவறாக ஒட்டிக்கொண்டது. அடுக்கு வீட்டு வாசல்களிலும் பள்ளி மதில் ஓரங்களிலும் ஈட்டி போல் நிமிர்ந்து நிற்கும் மரத்தை 'அசோக்' என்கிறார்கள். அது நெட்டிலிங்கம். மெய்யான அசோகு கொத்துக் கொத்தாகச் செம்மஞ்சள் பூப் பூக்கும். பழந்தமிழில் அதற்குப் பிண்டி என்று பெயர். எங்கள் மரபில் அருகப் பெருமான் வீற்றிருப்பது அதன் நிழலில்தான். தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஞானம் பெற்ற மரம் ஒன்று சொல்லப்படும். ரிஷபதேவருக்கு ஆல், அஜிதநாதருக்கு ஏழிலைப்பாலை, மகாவீரருக்குச் சாலம். அந்த ஏழிலைப்பாலை இங்கே சப்தபர்ணி. சப்தம் ஏழு, பர்ணம் இலை. தீபாவளியை ஒட்டி ராத்திரியில் தெருவெல்லாம் தலைவலிக்கிற மாதிரி மணக்குமே, அதே மரம்தான்.

நெட்டிலிங்கத்தின் தாயகம் தென்னிந்தியாவும் இலங்கையும் என்கிறார்கள் தாவரவியலார். நம் பக்கத்து மரம் வடக்கே வந்து வேறொருவர் பெயரில் வாழ்கிறது. இதற்கு நேர்மாறானது முருங்கை. நம்முடையது என்று நாம் அடித்துச் சொல்லும் முருங்கையின் தாயகம் வடமேற்கு இமய அடிவாரம். சாம்பாரில் போடும்போது இதையும் நினைத்துக் கொள்ளலாம்.

எழுதி வைக்கும் வேலை

இதையெல்லாம் ஏன் இப்போது சொல்ல வேண்டும்? கல்வெட்டு அழிந்தாலும் மைப்படி இருக்கும். மரத்துக்கு மைப்படி கிடையாது. சரோஜினி நகர், நேதாஜி நகர், நவ்ரோஜி நகர் முதலிய அரசுக் குடியிருப்புகளில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்தன என்று மூத்த உறுப்பினர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2018இல் அங்கெல்லாம் புதுக் கட்டடம் கட்டச் சுமார் 14,000 மரங்களை வெட்டுவதாகத் திட்டம் வந்தது. மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றார்கள். உயர்நீதிமன்றம் இடைத்தடை விதித்தது. அதற்குள் பல மரங்கள் போய்விட்டன. வேம்பும் அரசும் போனது கணக்கில் வரும். கொல்லைப்புறத்தில் நம் தாய்மார்கள் நட்டு வளர்த்த முருங்கையும் கறிவேப்பிலையும் எந்தக் கணக்கில் வந்தன?

1994ஆம் ஆண்டின் தில்லி மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியின்றி மரத்தை வெட்டுவது குற்றம். 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை வெட்டுவதானால் மத்திய அதிகாரக் குழுவின் ஒப்புதல் வேண்டும் என்றும், நகரின் மரங்களைக் கணக்கெடுக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. நல்ல செய்தி. ஆனால் சர்க்கார் கணக்கில் சாதிப் பெயரும் சுற்றளவும் இருக்கும். அந்த மரத்தை யார் நட்டார், அடியில் யார் கடை போட்டார், எந்த மாதம் பூக்கும் என்பதெல்லாம் வராது. அதை எழுத வேண்டியவர்கள் அதன் நிழலில் இருந்தவர்கள்.

தொல்காப்பிய மரபியல் மரத்தை ஓரறிவுயிர் என்கிறது. சமண நூல்களும் அதையே சொல்கின்றன. தொல்காப்பியர் சமணரா என்ற வழக்கை இங்கே கிளப்ப மாட்டேன்! தொட்டால் அறியும் உயிர் என்பதில் இருவருக்கும் சம்மதம், அது போதும்.

செய்முறை எளிது. ஒரு தையல்காரர் நாடா, ஒரு நோட்டுப் புத்தகம். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவை எடுங்கள். இடம், இந்திப் பெயர், தமிழ்ப் பெயர், பூக்கும் மாதம், அக்கம்பக்கத்துப் பெரியவர் சொன்ன கதை ஆகிய ஐந்தையும் குறியுங்கள். பேரப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போங்கள், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். குடும்பத்துக்கு ஒரு மரம் என்றாலும், அடுத்த மலர் வெளிவருவதற்குள் நம் சங்கத்தின் கையில் ஒரு நல்ல பட்டியல் இருக்கும்.