பந்தெறி ஆட்டமும் பங்கீட்டு முறையும்

வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. பிள்ளைகள் ஆடிய ஆட்டங்களைக் கல்லில் வெட்டி வைத்தவர் எவருமில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் மக்களை ஒருவரோடு ஒருவர் இணங்கி வாழப் பழக்கிய வகையை அறிய விரும்புவோர், அரண்மனையைக் கண்டபின் ஆடுகளத்தையும் சென்று காணல் வேண்டும். அங்கே முதலில் கேட்கத்தக்க வினா, வென்றவர் யார் என்பதன்று. புதிதாக வந்த ஒருவன் அந்த ஆட்டத்தில் எவ்வாறு சேர்த்துக்கொள்ளப்பட்டான் என்பதே அவ்வினா. பந்தெறி ஆட்டம் ஒன்றை எடுத்துக்கொண்டு இதனை ஆராய்வோம்.

ஆங்கிலத்தில் ‘டாட்ஜ்பால்’ என்று வழங்கும் ஆட்டத்தை மாணவர் சிலர் கேள்வியுற்றிருக்கலாம். களத்தை நடுவே ஒரு கோட்டால் இரண்டாகப் பிரிப்பர். இரு பக்கத்தாரும் எதிரெதிரே நின்று, மென்மையான பந்துகளை ஒருவர்மீது ஒருவர் எறிவர். பந்து மேலே பட்டவர் களத்தை விட்டு நீங்க வேண்டும். எறிந்த பந்தை எதிரி தரையில் விழாமல் பிடித்துவிட்டால் எறிந்தவரே நீங்க வேண்டும். அத்துடன், பிடித்தவருடைய பக்கத்தில் முன்னரே வெளியேறிய ஒருவர் மீண்டும் உள்ளே வருவார். பெரும்பாலான விதிகளில், முதலில் வெளியேறியவரே முதலில் திரும்புவார். எறிதல், விலகுதல், பிடித்தல் ஆகிய மூன்றுமே இவ்வாட்டத்தின் உயிர்நாடி.

மேலை நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலமாக ஆடப்பட்ட இது, இருபதாம் நூற்றாண்டில் ஜப்பானியப் பள்ளிகளிலும் வேரூன்றியது. ஜெர்மனியில் இதற்கு நெருங்கிய உறவான ஓர் ஆட்டம் ‘ஃபோல்கர்பால்’ என்னும் பெயரால் வழங்குகிறது. இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல நகரங்களில், அலுவல் முடிந்த மாலை வேளையில், வளர்ந்தவர்களே பொழுதுபோக்குக்கான லீக் பந்தயங்களில் பெயர் கொடுத்து இதனை ஆடுகின்றனர். அவர்களிற் பலர் முன்பயிற்சி சிறிதும் இல்லாதவர்கள். களத்திலேயே கற்றுக்கொள்கின்றனர்.

நம் நாட்டுக்கு இது புதுமையா? பெயர் புதிது, பொருள் பழையது. ‘எறிபந்து’ என்று இன்று நம் பள்ளிகளில் வழங்குவது வேறோர் ஆட்டம். அது வலைக்கு மேலாகப் பந்தைப் பிடித்து எறிவது. அதில் ஆள்மீது பந்து படுதல் ஆட்டத்தின் நோக்கமன்று. பழந்தமிழ் நூல்களில் வரும் பந்தாட்டமும் வேறு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக்காதையில் கந்துகவரி என்னும் பகுதி உண்டு. பெருங்கதையிலும் மகளிர் பந்தடித்த காட்சி விரிவாகப் பேசப்படுகிறது. அவை பெரும்பாலும் ஒருத்தி தன் கைத்திறனைக் காட்டும் ஆட்டங்கள். எதிரியை நோக்கி எறிந்து, எதிரி விலகித் தப்பும் ஆட்டத்தைக் காண நாம் புலவர்களிடம் செல்ல வேண்டுவதில்லை. தெருப்பிள்ளைகளிடம் செல்ல வேண்டும்.

அவர்களுடைய ஆட்டத்தின் பெயர் ஏழு கல். தட்டையான ஏழு கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவர். ஒரு கட்சியான் எல்லைக்கோட்டில் நின்று பந்தை எறிந்து அவ்வடுக்கைக் கலைப்பான். கலைந்ததும் அவனுடைய கட்சியார் ஓடி வந்து கற்களை மீண்டும் அடுக்க முயல்வர். எதிர்க்கட்சியாரோ பந்தை எடுத்து அவர்கள்மீது எறிவர். அடிபடாமல் விலகிக்கொண்டே ஏழு கல்லையும் அடுக்கிவிட்டால் வெற்றி. அடுக்குமுன் பந்து பட்டுவிட்டால் தோல்வி. பட்டவன் மட்டும் நீங்குவதும், கட்சி முழுதும் ஆட்டத்தை இழப்பதும் ஊருக்கு ஊர் வேறுபடும். கன்னட நாட்டில் இதனை லகோரி என்பர்; வடநாட்டில் பிட்டூ என்பர். கந்தல் துணியை இறுகச் சுற்றி நூலால் வரிந்தால் பந்து ஆயிற்று. கல்லோ எங்கும் கிடைக்கும். காசில்லாத பிள்ளைக்கும் இவ்வாட்டம் கதவடைப்பதில்லை.

இவ்வாட்டத்தைவிட ஆராயத்தக்கது, இதற்குமுன் நிகழும் கட்சி பிரித்தல். இதற்கு ‘உத்தி பிரித்தல்’ என்று பெயர். இரண்டு தலைவர்கள் ஓரிடத்தில் நிற்பர். ஏனையோர், வலிமையிலும் விரைவிலும் தமக்கு ஒப்பான ஒருவரோடு இணை சேர்ந்து, சற்றுத் தொலைவு செல்வர். அங்கே இருவரும் தமக்குள் மறைவாக வெவ்வேறு பெயர் வைத்துக்கொள்வர். ஒருவன் சூரியன் என்றால் மற்றவன் சந்திரன். ஒருவன் மா என்றால் மற்றவன் பலா. பின்னர்த் தோள்மேல் கைபோட்டு வந்து, “சூரியன் வேண்டுமா, சந்திரன் வேண்டுமா?” என்று தலைவனைக் கேட்பர். எப்பெயர் எவனுக்கு உரியது என்பதைத் தலைவன் அறியான். அவன் சொன்ன பெயருக்கு உரியவன் அவன் பக்கம், மற்றவன் எதிர்ப்பக்கம். அடுத்த இணைக்கு அடுத்த தலைவன் முறை.

இதன் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள். வல்லவன் வல்லவனோடு இணை சேர்கிறான்; மெலிந்தவன் மெலிந்தவனோடு இணை சேர்கிறான். ஆகவே இரு கட்சியும் ஏறத்தாழச் சமவலிமை பெறுகின்றன. தலைவன் தேர்ந்தெடுப்பது பெயரையே அன்றி ஆளை அன்று. ஆதலால், “இவன் வேண்டாம்” என்று எவனும் ஒதுக்கப்படுவதில்லை. எல்லோரும் பொறுக்கப்பட்டபின் எஞ்சி நிற்கும் இழிவு எவனுக்கும் நேர்வதில்லை. சட்டம் படியாத சிறுவர்கள் ஆக்கிக்கொண்ட சட்டம் இது.

இந்த எண்ணம் சிறுவர்களின் ஆட்டத்தோடு நின்றுவிட்டதா? இல்லை. பெரியோரின் பிழைப்பிலும் இதே எண்ணம் ஆட்சி செய்யும் ஓரிடம் சென்னைக்கு வடக்கே இருக்கிறது. ஆரணியாற்றங்கரையில் உள்ள பொன்னேரியிலிருந்து கிழக்கு நோக்கிச் சென்றால் பழவேற்காட்டை அடைவோம். உவரும் நன்னீரும் கலக்கும் ஏரிகளில், இந்தியாவில் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அடங்கும். தென்பகுதி தமிழ்நாட்டில் உள்ளது. வண்ணத்துணி வாணிகத்தை நாடி வந்த டச்சுக்காரர்கள் 1613-ஆம் ஆண்டில் இங்கே கெல்டிரியா என்னும் கோட்டையை எழுப்பினர். அக்கோட்டை இன்று இடிபாடாகக் கிடக்கிறது. ஆனால் ஏரியின் மீனவர் குப்பங்களில் வழங்கும் ஓர் ஏற்பாடு, எழுதாச் சட்டமாகவே தலைமுறை தலைமுறையாக வந்துள்ளது. அதுவே பாட்டு முறை.

‘பாடு’ என்பது வலை கட்டி இறாலும் மீனும் பிடிக்கும் நீரிடத்தையும், அதில் ஒருவருக்கு உரிய முறையையும் குறிக்கும். ஏரியில் எல்லா இடமும் ஒரே வளமுடையதன்று. கடலும் ஏரியும் கூடும் முகத்துவாரத்தை அடுத்த நீரோட்டத்தில் இறால் மிகுதியாக வரும், வேறிடங்களில் குறையும். வலியவன் நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் எளியவன் பட்டினி கிடக்க வேண்டியதே. இதனைத் தவிர்க்கவே, கோட்டைக்குப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர் சமூகத்தார், உரிமையுள்ள குடும்பத்தலைவர்களைத் தலைக்கட்டாகக் கணக்கிட்டு, சீட்டுப் போட்டும் சுற்று முறை வைத்தும் பாடுகளைப் பங்கிட்டுக்கொண்டனர். இன்று நல்ல பாடு பெற்றவன் மற்றொரு நாள் மெலிந்த பாட்டுக்குச் செல்வான். மெலிந்த பாடு பெற்றவனுக்கு நல்ல முறை வரும். உத்தி பிரிக்கும் சிறுவன் ஆளைப் பாராமல் பெயரைத் தேர்வது போலவே, இங்கே சீட்டும் ஆளைப் பாராமல் இடத்தைத் தருகிறது.

எனினும், வரலாறு கற்போர் ஒரு பக்கத்தை மட்டும் புகழ்ந்து அமைதல் கூடாது. பாட்டு முறை உள்ளே இருப்பவர்களுக்குள் நீதி செய்தது. யார் உள்ளே இருக்கலாம் என்பதைப் பிறப்பைக் கொண்டு வரையறுத்தது. மீன் விற்றுக் குடும்பம் காக்கும் மகளிர் தலைக்கட்டில் எண்ணப்படவில்லை. கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் போன்ற பிற மக்களுக்கும் அதில் பங்கில்லை. இது குறித்துப் பூசல்களும் எழுந்துள்ளன. நம் தெருவாட்டங்களும் இக்குறைக்கு விலக்கல்ல. பருவம் எய்திய பெண்பிள்ளையை ஆட்டத்திலிருந்து நிறுத்தியதும், சேரிப்பிள்ளையை எட்டி நிற்கச் செய்ததும் இந்நாட்டில் நிகழ்ந்தவையே. ஆகவே, முறை நன்று. அதன் எல்லை குறுகியது. எல்லையை விரித்தல் பின்வந்தோர் கடமையாயிற்று.

அக்கடமையில் ஒரு பகுதியை ஆற்றியது நவீன உடற்கல்வி. ஹாரி குரோ பக் என்னும் அமெரிக்கர், கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் 1920-ஆம் ஆண்டில் சென்னையில் உடற்கல்விப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். ஆசியாவிலேயே அவ்வகையில் முன்னோடியான அது, வளர்ந்து, நந்தனத்தில் இன்றும் கல்லூரியாக விளங்குகிறது. 1924-ஆம் ஆண்டில் பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்திய அணியுடன் அவர் சென்றார். 1943-இல் மறையும்வரை இப்பணியிலேயே நின்றார். வரிசையில் நின்று ஆணைக்குக் கைகால் அசைக்கும் டிரில் ஒன்றே உடற்பயிற்சி என்றிருந்த நிலை மாறி, கைப்பந்து, கூடைப்பந்து போன்ற குழுவாட்டங்கள் பள்ளிக்கூடத்துக்குள் வந்தன. சாதியும் ஊரும் வேறான பிள்ளைகள் ஒரே கட்சியில் நின்று ஆடினர்.

நம் சடுகுடுவும் எழுதிய விதிகளைப் பெற்றது. 1936-இல் பெர்லின் நகரில் அது காட்சியாட்டமாக ஆடப்பட்டது. 1950-இல் அதற்கு அகில இந்தியக் கூட்டமைப்பு ஏற்பட்டது. 1990-இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இடம்பெற்றது. சடுகுடுவில் ‘சஞ்சீவினி’ என்றொரு வகை உண்டு. எதிரி ஒருவன் வீழ்ந்தால், நம் பக்கத்தில் வீழ்ந்தவன் ஒருவன் உயிர்பெற்று வருவான். டாட்ஜ்பாலில் பந்தைப் பிடித்தவுடன் தோழன் திரும்புவதும் இதுவே. கடல் கடந்த இரண்டு ஆட்டங்கள் ஒரே உண்மையைக் கண்டிருக்கின்றன: வீழ்ந்தவனுக்குத் திரும்பும் வழி இருந்தால்தான் ஆட்டம் இனிக்கும்.

ஆனால் விதிகளும் கேடயங்களும் பெருகப் பெருக, வேறொரு தீங்கும் உடன் வந்தது. பரிசை நாடும் பள்ளி, விரைவாக ஓடுபவனைப் பொறுக்கி எடுக்கிறது. பொறுக்கப்படாத பெருந்தொகையினர் கோட்டுக்கு வெளியே நின்று கைதட்டுகின்றனர். டாட்ஜ்பாலுக்கும் இப்பழி நேர்ந்தது. மெலிந்த பிள்ளையே முதலில் அடிபட்டு முதலில் வெளியேறுகிறது. மிகுதியாகப் பயிற்சி வேண்டியவனுக்கு மிகக் குறைந்த ஆட்டமே கிட்டுகிறது. மனிதனையே இலக்காக்கும் ஆட்டம் பள்ளி உடற்கல்விக்கு ஏற்றதன்று என்று அமெரிக்க உடற்கல்வியாளர் சங்கம் ஒன்று 2017-ஆம் ஆண்டில் அறிவித்தது. இக்குற்றச்சாட்டை எளிதில் தள்ளிவிட முடியாது.

இதற்கு விடை ஆட்டத்தை ஒழிப்பதிலா இருக்கிறது? பொழுதுபோக்கு லீக்குகள் ஒருவாறு விடை கண்டுள்ளன. மென்மையான பந்து, தலையை நோக்கி எறியத் தடை, வெளியேறியவன் திரும்பும் விதி, திறமை பாராது சேர்த்துக்கொள்ளும் வழக்கம் ஆகியவற்றால் அச்சம் குறைகிறது. அங்கே புதியவன் கற்கும் பாடங்களும் சிறந்தவை. வலிமையாக எறிபவனைவிட, காலம் பார்த்து எறிபவனே பயன்படுகிறான். பந்தைக் கண்டு முகத்தைத் திருப்புபவன் அடிபடுகிறான். கண்ணெடுக்காமல் பார்ப்பவன் விலகுகிறான், சில வேளை பிடித்தும் விடுகிறான். இருவர் சொல்லிக்கொண்டு ஒரே வேளையில் எறிந்தால் வல்லவனும் தடுமாறுகிறான். எல்லாவற்றிலும் அரிய பாடம் ஒன்றுண்டு. பந்து ஆடையின் ஓரத்தைத் தொட்டதை நடுவர் காணாது போயினும் தொட்டவன் அறிவான். அவன் தானே கையுயர்த்தி வெளியேறும் நேர்மையின்மீதே இவ்வாட்டம் நிற்கிறது. ஏழு கல் ஆடிய நம் சிறுவர்களுக்கு நடுவரே இல்லை என்பதையும் நினைவுகூர்க.

இவ்விடைகளோடு நம் நாட்டு உத்தி முறையையும் சேர்த்துக்கொண்டால் ஆட்டம் நிறைவெய்தும். கேடயத்துக்கான பந்தயத்தில் திறமை பார்த்துத் தேர்வது தவிர்க்க இயலாது. ஆனால் மாலை வேளையில் மைதானத்தில் கூடும் நாற்பது மாணவருக்கு அத்தேர்வு எதற்கு? அவர்கள் இணை சேர்ந்து பெயர் வைத்துக்கொண்டு வரட்டும். நேற்று வந்து சேர்ந்த மாணவனும், கூச்சத்தால் ஒதுங்கும் மாணவியும் அதே வகையில் ஒரு பக்கத்தை அடையட்டும். பழைய முறையின் நீதியை வைத்துக்கொண்டு, அதன் குறுகிய எல்லையை மட்டும் நீக்கிவிடுவோம்.

மாணவர்களுக்கு இதில் ஒரு வரலாற்றுப் பணியும் உண்டு. உத்தி பிரிக்கையில் சொல்லிய பெயர்கள், கல்லடுக்கும் வகைகள், ஊருக்கு ஊர் மாறும் விதிகள் ஆகியவற்றில் பல, முதியோர் நினைவிலேயே தங்கியுள்ளன. உங்கள் ஊர்ப் பாட்டனாரையும் பாட்டியாரையும் கேட்டு எழுதி வையுங்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர் கல்லறைகளில் வெட்டிய எழுத்துகளைப் படிக்க அறிஞர்கள் வருகின்றனர். அக்கரையிலேயே ஆடிய பிள்ளைகள் வகுத்த நீதியைப் படிக்கவும் ஆள் வேண்டும். எழுதி வைத்தபின் ஏட்டை மூடிவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு களத்துக்குச் செல்லுங்கள்; அங்கே ஓரமாக நிற்பவனை முதலில் அழையுங்கள்.