விக்டோரியா பொதுமண்டபமும் 'பொது' என்னும் சொல்லும்

பழைய கட்டடமொன்று புதுப்பிக்கப்படும்போது சுண்ணாம்புச் சாந்து, தேக்குமரம், ஒதுக்கப்பட்ட தொகை ஆகியவை பற்றியே செய்திகள் பேசுகின்றன. அக்கட்டடத்தை இதுவரை யார் பயன்படுத்தினர், எந்த நிபந்தனையில் பயன்படுத்தினர் என்ற வினா பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. கலைமன்றமாக ஒரு கட்டடம் வாழ்ந்ததற்கும் அழிந்ததற்குமான காரணங்கள் அவ்வினாவுக்குள்ளேதான் கிடக்கின்றன. சென்னை விக்டோரியா பொதுமண்டபத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1882இல் சென்னையின் முக்கியப் பிரமுகர்கள் கூடி, நகருக்கென ஒரு பொதுமண்டபம் வேண்டும் என்று முடிவு செய்தனர். 1883 டிசம்பரில் விஜயநகரம் சமஸ்தானத்தின் ஆனந்த கஜபதி ராஜு அடிக்கல் நாட்டினார். பீப்பிள்ஸ் பார்க் நிலத்திலிருந்து 57 கிரவுண்டு, அதாவது ஏறத்தாழ 3.14 ஏக்கர், 1886இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டது. வாடகை கிரவுண்டு ஒன்றுக்கு எட்டணா. அரசி விக்டோரியாவின் பொன்விழாவை ஒட்டி மண்டபம் அவர் பெயரைப் பெற்றது. பெயர் பேரரசுடையதாயினும், கட்டுவதற்கான பணம் சமஸ்தான மன்னர்கள், ஜமீன்தார்கள், நகரச் செல்வர்கள் ஆகியோரிடமிருந்து திரட்டப்பட்டது. நிர்வாகமும் ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் இருந்தது.

வடிவமைத்தவர் ராபர்ட் ஃபெல்லோஸ் சிஸம். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். செங்கல் சிவப்பில் எழுந்த இந்தோ-சாரசெனிக் கட்டடத்தின் சதுரக் கோபுரத்தின்மேல் திருவிதாங்கூர் பாணிக் கூரை அமர்ந்திருக்கிறது. இது தற்செயலன்று. 1880இல் நிறைவுற்ற திருவனந்தபுரம் நேப்பியர் அருங்காட்சியகமும் சிஸத்தின் படைப்பே. கேரள மரக்கூரை மரபை அங்கே கையாண்டவர், அதன் சாயலைச் சென்னைக்கும் கொண்டுவந்தார். தரைத்தளத்திலும் மேல்தளத்திலும் தலா 600 பேர் அமரக்கூடிய கூடங்களும், மேலே ஏறத்தாழ 200 பேருக்கான மரத்தாலான மாடமும் அமைந்தன. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் இங்கே உரையாற்றினார். சென்னையின் தொடக்கக்காலச் சலனப்படக் காட்சிகளுள் சிலவும் இங்கேயே நிகழ்ந்தன.

எனினும், மண்டபத்தைக் கலைக்கூடமாக ஆக்கியது அதன் வடிவமைப்பு அன்று. அங்கே நிலைகொண்டிருந்த ஓர் அமைப்பு. பல்லாரி சரச வினோதினி சபையின் நாடகங்களால் தூண்டப்பெற்ற பம்மல் சம்பந்த முதலியார், 1891இல் தம் பதினெட்டாம் வயதில் நண்பர் சிலருடன் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். கூத்தாடுவது இழிதொழில் என்று கருதப்பட்ட காலத்தில் வழக்கறிஞரும் அரசு அலுவலரும் மேடையேறினர். 'மனோகரா', 'சபாபதி' ஆகியவற்றோடு ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆகவும், மெர்ச்சன்ட் ஆஃப் வெனிஸ் 'வாணீபுர வணிகன்' ஆகவும் தமிழுடை பூண்டன. ஒத்திகை, உடை, ஒப்பனை, கணக்கு வழக்கு என்று நாடகத்தின் அன்றாட உழைப்பு முழுவதையும் பம்மலார் தம் 'நாடக மேடை நினைவுகள்' நூலில் பதிவு செய்துள்ளார். நாடகக் கலை தொடர்ந்து நிகழ ஓர் இடமும், அவ்விடத்தைத் தொடர்ந்து பெறக்கூடிய உறுதியும் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அப்பதிவுகளிலிருந்து உய்த்துணரலாம்.

ஆயினும் அந்தப் 'பொது'வின் எல்லையையும் குறிப்பிட்டாக வேண்டும். சபையின் நடிகர் கற்றறிந்த நகர ஆடவர். பெண் வேடங்களையும் ஆடவரே தாங்கினர். ரங்கவடிவேலுவின் நாயகி வேடங்கள் பெரும்புகழ் பெற்றன. அதே காலத்தில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களும் பாலர் நாடகக் குழுக்களும் தமிழகமெங்கும் கொட்டகைகளில் வாழ்ந்தன. பாடலும் தர்க்கமும் விடியும்வரை நீண்ட அந்த மேடைகளை மக்கள் கூட்டம் நிறைத்தது. தமிழ் நாடகத்தின் இரு பெரும் ஓட்டங்களில் ஒன்றுக்கு மண்டபம் கிடைத்தது. மற்றொன்றுக்குக் கீற்றுக் கொட்டகை போதுமெனக் கருதப்பட்டது. 'பொதுமண்டபம்' என்ற பெயருக்குள் இந்தப் பிரிவினை மறைந்திருந்தது.

1930களில் சுகுண விலாச சபை மவுண்ட் ரோட்டில் தன் சொந்த இடத்துக்குப் பெயர்ந்தது. பின்னாளில் அதன் நாடகப்பணி மங்கி, அது உறுப்பினர்களின் மனமகிழ் மன்றமாக நிலைபெற்றது. மறுபுறம், தன் நிலையான குழுவை இழந்த மண்டபமும் படிப்படியாகச் சிதைந்தது. 99 ஆண்டுக் குத்தகை முடிந்தபின் அறக்கட்டளைக்கும் மாநகராட்சிக்கும் இடையே நீண்ட வழக்கு நடந்தது. சபைக்கு இடம் வாய்த்தும் நாடகம் நிலைக்கவில்லை. மண்டபத்துக்குச் சுவர் இருந்தும் சபை இல்லை. இவ்விரண்டு இழப்புகளையும் இணைத்துப் பார்த்தாலன்றி இக்கட்டடத்தின் வீழ்ச்சி விளங்காது. மழையும் கறையானும் அந்த வெறுமைக்குப் பின்னர் வந்தவையே.

மாறான ஓர் எடுத்துக்காட்டு மேற்கே உண்டு. பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் எல்லையைக் கடந்து பாலக்காட்டை அடைந்து, ஒற்றப்பாலம் சாலையில் சென்றால் லக்கிடியை அடுத்துக் கிள்ளிக்குறிச்சிமங்கலம் உள்ளது. துள்ளல் கலையைத் தோற்றுவித்த குஞ்சன் நம்பியார் பிறந்த கலக்கத்து பவனம் அங்கே நினைவிடமாகப் பேணப்படுகிறது. ஓட்டன், சீதங்கன், பறையன் என்னும் மூவகைத் துள்ளலும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. நவராத்திரி, விஜயதசமி நாட்களில் அவ்விடம் விழாக்கோலம் பூணுகிறது. சென்னை மண்டபத்தோடு ஒப்பிட அளவில் மிகச் சிறிய வீடு அது. ஆனால் அங்கே காலில் சலங்கை கட்டிப் பயிலும் மாணவர் உள்ளனர். வீட்டைப் பேணுவதற்கான காரணத்தை அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் புதுப்பித்துக்கொண்டே இருக்கின்றனர்.

விக்டோரியா பொதுமண்டபத்தின் மறுசீரமைப்பு, சிங்காரச் சென்னை 2.0 திட்டத்தின்கீழ் 2023இல் தொடங்கப்பட்டது. மரபுக் கட்டடப் பாதுகாப்பு என்ற அளவில் இது வரவேற்கத்தக்க பணி. ஆனால் வரலாறு முன்வைக்கும் வினா வேறு. சிறு நாடகக்குழுவொன்று கட்டக்கூடிய வாடகை எவ்வளவு? ஒத்திகைக்கு ஆண்டு முழுதும் நாட்கள் ஒதுக்கப்படுமா? ஒரு நூற்றாண்டுக்கு முன் கொட்டகையில் நிறுத்தப்பட்ட தெருக்கூத்துக்கும் இசை நாடகத்துக்கும் இம்மேடையில் உரிமையுள்ள இடம் கிடைக்குமா, அல்லது திறப்புவிழா நாளில் மட்டும் அழைப்பு வருமா?

இவற்றுக்கான விடைகள் பொறியாளரின் வரைபடத்தில் இரா. மண்டபத்தின் பயன்பாட்டு விதிகளில் இருக்கும். 1886இன் குத்தகைப் பத்திரம் நிலத்துக்கு எட்டணா விலை வைத்தது. கலைஞருக்கு என்ன உரிமை என்பதை இன்றைய விதிமுறைகளாவது எழுத்தில் வகுத்துக் கூறவேண்டும்.